கடனில் எழுந்த மாளிகையும் கடனின்றி நிலைத்த உறவும்: பிலடெல்பியா பிளீஸ் டச் சிறுவர் அருங்காட்சியகம் குறித்த நிகழ்வு ஆய்வு

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பிளீஸ் டச் (‘தயவுசெய்து தொடுங்கள்’) சிறுவர் அருங்காட்சியகம், கடன் கொடுத்தோரிடமிருந்து பாதுகாப்புக் கோரித் திவால் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. அப்போது அதன் மேல் இருந்த கடன் ஏறத்தாழ 6 கோடி டாலர். ஆனாலும் வழக்கு நடந்த காலத்தில் அருங்காட்சியகம் மூடப்படவில்லை. குழந்தைகள் வந்தார்கள், பள்ளிகள் மாணவர்களை அழைத்து வந்தன, பிறந்தநாள் விழாக்களும் நடந்தன. இவ்வளவு பேர் நாடி வந்த ஓர் இடம் ஏன் கடனில் மூழ்கியது, மூழ்கிய பின் எப்படிக் கரையேறியது என்பவையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

சமூகத்தோடு ஒரு நிறுவனம் கொண்டுள்ள உறவின் அளவுக்குத்தான் அதற்கு ஆதரவு கிடைக்கும் என்பதும், அந்த அளவைத் தாண்டித் திட்டமிட்டால் மீதியைக் கடன் சந்தையிடம்தான் கேட்க நேரும் என்பதும் பிலடெல்பியா அனுபவத்திலிருந்து நான் பெறும் முடிவு. இதைத் தோல்வியின் கதையாகப் படிப்பது தவறாகிவிடும். நான்கு பத்தாண்டுகளில் கட்டியெழுப்பிய உறவு அங்கே இல்லாதிருந்தால் 2015இல் காப்பாற்றுவதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

சிறிய அறையில் தொடங்கியது

சிறுவர்க்கென்றே தனி அருங்காட்சியகம் என்ற எண்ணம் 1976க்கு மிக முந்தியது. உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1899 டிசம்பரில் திறக்கப்பட்டது. அறிவியல் ஆசிரியர்கள் சிலரின் முயற்சியால் பாஸ்டன் சிறுவர் அருங்காட்சியகம் 1913இல் தோன்றியது. 1962 முதல் 1985 வரை அதன் இயக்குநராக இருந்த மைக்கேல் ஸ்பாக், கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பொருள்களைக் குழந்தையின் கைக்குக் கொண்டுவந்தார். அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிய அவருடைய தொடக்கக் காட்சி, தெருவின் அடியில் ஓடும் குழாய்களைக்கூடக் குழந்தைகள் இறங்கிப் பார்க்கும்படி அமைந்திருந்தது. 1969இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியம் அதே எண்ணத்தை அறிவியலுக்கு விரித்தது.

பிளீஸ் டச் இந்த மரபில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியைக் கண்டுகொண்டது. குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற கல்வியாளரான போர்ஷியா ஸ்பெர், ஆசிரியர்கள், கலைஞர்கள், பெற்றோர்கள் ஆகியோருடன் சேர்ந்து, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டான 1976இல், நகரின் இயற்கை அறிவியல் கழகத்துக்குள் கிடைத்த சிறிய இடத்தில் இதைத் தொடங்கினார். ஏழு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளையே முதன்மையாகக் கருதியது இதன் தனித்தன்மை. அந்த வயதினருக்கென்றே அமைந்த முதல் அமெரிக்க அருங்காட்சியகமாக இது கருதப்படுகிறது. சில ஆண்டுகளில் வேறோர் இடத்துக்கும், 1983இல் நகர மையத்தை ஒட்டிய 21ஆம் தெருக் கட்டடத்துக்கும் மாறி, அங்கேயே 25 ஆண்டுகள் நிலைகொண்டது.

தொடங்கியவர்களில் பெற்றோரும் இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும் செல்வரின் சேகரிப்பிலிருந்து பிறந்த அருங்காட்சியகத்துக்கு முதல் நாளிலேயே பொருளும் புரவலரும் உண்டு. பார்வையாளரைத்தான் தேட வேண்டும். இங்கே நிலைமை நேர்மாறானது. பார்வையாளர் முதலில் இருந்தார். இடமும் பொருளும் பணமும் பின்னரே தேடப்பட்டன. தெருவிலுள்ள குடும்பங்களுக்கு அது ‘நம்முடைய இடம்’ என்று தோன்றியதற்கு இந்த வரிசைமுறையே காரணம் என்பது என் கருத்து.

விளையாட்டுக் கடைக்குப் பின்னே நிற்கும் செலவு

பிளீஸ் டச் குழந்தைகளிடம் நீண்ட காலம் செல்வாக்குப் பெற்ற காட்சிகளில் ஒன்று சிறுவர் பல்பொருள் அங்காடி. குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற தள்ளுவண்டி, கைக்கெட்டும் அடுக்குகள், பிளாஸ்டிக் பழங்கள், காலி அட்டைப்பெட்டிகள், பில் போடும் மேசை ஆகியவை அங்கே உண்டு. நான்கு வயதுக் குழந்தை ஒன்று வண்டி நிறைய ஒரே வகைப் பழத்தை மட்டும் எடுத்து அடுக்கும். இன்னொன்று பணம் வாங்கும் இருக்கையைவிட்டு இறங்க மறுக்கும். தாயோ தாத்தாவோ வரிசையில் நின்று, குழந்தை சொல்லும் விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். பொருள்களை எண்ணுவது, வகைபிரிப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, முன்பின் தெரியாத குழந்தையோடு பேசி முடிவெடுப்பது என்று எத்தனையோ கற்றல் அங்கே நடக்கிறது. பாடம் என்று யாரும் சொல்வதில்லை.

அரை மணி நேரத்தில் அந்த அடுக்குகள் காலியாகிவிடும். ஊழியர் ஒருவர் சிதறிய பழங்களைப் பொறுக்கி மீண்டும் அடுக்க வேண்டும். வாயில் வைத்துக் கடித்த பொருள்களைத் தனியே எடுத்துக் கழுவ வேண்டும். சக்கரம் கழன்ற வண்டியைச் செப்பனிட வேண்டும். நீர்த்தொட்டியில் படகுவிடும் காட்சியானால், குழாய், வடிகட்டி, ஈரத் தரை, நனையாமல் காக்கும் மேலாடை என்று வேலை இன்னும் கூடுகிறது. தொட்டுப் பயிலும் அருங்காட்சியகத்தின் அடிப்படைச் செலவு இதுதான்: எவ்வளவு நன்றாகப் பயன்படுகிறதோ அவ்வளவு விரைவாகத் தேய்கிறது. ஓவியக்கூடத்தில் பத்தாயிரம் பேர் பார்த்த ஓவியம் அப்படியே இருக்கும். பத்தாயிரம் குழந்தைகள் கையாண்ட தள்ளுவண்டி இருக்காது.

நுழைவுக் கட்டணத்தால் மட்டும் இந்தச் செலவை ஈடுகட்டுவது கடினம். கட்டணத்தை உயர்த்தினால் எந்தக் குடும்பங்களுக்கு இந்த இடம் மிகவும் தேவையோ அவர்களே முதலில் விலகுவார்கள். எனவே உறுப்பினர் சந்தா, பிறந்தநாள் விழா, பள்ளிக் குழுக்கள், விற்பனைக்கூடம் ஆகியவற்றால் ஒரு பகுதியும், நன்கொடை, அரசு மானியம், நிறுவனப் புரவலர்கள் ஆகியோரால் மறுபகுதியும் வர வேண்டியிருக்கிறது.

இவற்றுள் நன்கொடையில் சிறுவர் அருங்காட்சியகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு முன்னாள் மாணவர் உண்டு. அவர் ஐம்பது வயதில் செல்வந்தராகித் தம் பெயரில் ஒரு கட்டடம் எழுப்புவார். சிறுவர் அருங்காட்சியகத்தின் குடும்பமோ குழந்தைக்கு எட்டு வயதானதும் விடைபெறுகிறது. அதுவும் பெற்றோர் வீட்டுக் கடனும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் சுமக்கும் வயதில் வந்து, ஓரளவு கைநிறையச் சேரும் வயதுக்கு முன்பே போய்விடுகிறது. 1976இல் மூன்று வயதில் வந்த குழந்தை, தன் குழந்தையோடு திரும்பி வர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு இத்துறையில் இன்னும் தெளிவான விடை உருவாகவில்லை.

மெமோரியல் ஹால்

21ஆம் தெருக் கட்டடம் நெருக்கடியாக இருந்தது. விரிவாக்கம் உண்மையான தேவையே. டெலாவேர் ஆற்றங்கரையில் பென்ஸ் லேண்டிங் பகுதியில் திட்டமிடப்பட்ட பெரிய வணிக வளாகத்தில் இடம்பெறும் முயற்சி, அத்திட்டமே கைவிடப்பட்டதால் நிறைவேறவில்லை. அதன் பின்னரே ஃபேர்மவுண்ட் பூங்காவிலுள்ள மெமோரியல் ஹால் தெரிவாயிற்று. 1876இல் அமெரிக்காவின் நூற்றாண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ்மன் வடிவமைத்த, இரும்பும் கண்ணாடியும் கொண்ட குவிமாடத்தோடு நிற்கும் நகரச் சொத்து அது.

இந்த மாற்றத்தில் போற்றத்தக்கவை பல. சிதைந்துவந்த வரலாற்றுக் கட்டடம் ஒன்று குழந்தைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தம் ஏந்திய கை 1876இல் அதே பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததை நினைவூட்டும் வகையில், கழித்துப்போட்ட பொம்மைகளைக் கொண்டு கலைஞர் லியோ சீவல் உருவாக்கிய பெரிய தீப்பந்தச் சிற்பம் மைய மண்டபத்தில் எழுந்தது. வூட்சைட் கேளிக்கைப் பூங்காவில் ஒரு காலத்தில் சுழன்ற, டென்ட்சல் நிறுவனம் செய்த குதிரை ராட்டினம் செப்பனிடப்பட்டுத் தனி மண்டபத்தில் மீண்டும் சுழலத் தொடங்கியது. வானமேக்கர் பல்பொருள் அங்காடியின் பொம்மைப் பிரிவில் கூரையிலிருந்து தொங்கியபடி ஓடிய ராக்கெட் வடிவச் சிறுவர் ரயிலும் இங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ரயிலை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். பிலடெல்பியாவில் வளர்ந்த ஒரு பாட்டி அதன்முன் நின்றுவிடுவார். தாம் ஐந்து வயதில் அதில் ஏறிய கதையைப் பேரனுக்குச் சொல்வார். அந்தக் கணத்தில் குழந்தைக்கான இடம் மூன்று தலைமுறைக்கான இடமாகிறது. எட்டு வயதில் குடும்பம் விலகிவிடும் சிக்கலுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழியை நான் வேறெங்கும் கண்டதில்லை. நன்கொடை தரும் வசதியும் ஓய்வும் பெற்றோரைவிடத் தாத்தா பாட்டியிடமே மிகுதி என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

மறுபுறம், கட்டடத்துக்கு ஒரு பழைய உறவு இருந்தது. மேற்கு பிலடெல்பியாவின் பார்க்சைடு பகுதி அதன் அருகில் உள்ளது. அங்கே பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. வருமானம் குறைந்த வீடுகள் பல. 1950களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் மெமோரியல் ஹாலில் நீச்சல் குளமும் விளையாட்டுக்கூடமும் இயங்கின. அக்கம்பக்கத்தவருக்கு அது நீந்திய இடம், பந்தாடிய இடம். அத்தகைய கட்டடத்துக்குள் கட்டணச் சீட்டோடு ஒரு நிறுவனம் குடிவரும்போது, பழைய உரிமையாளர்கள் தாங்களே என்று எண்ணும் மக்களிடம் முதலில் பேச வேண்டியது கடமை. புறநகரிலிருந்து காரில் வரும் குடும்பத்துக்கு வாகன நிறுத்தம் வசதியாக இருந்தால் போதாது. தெருவுக்கு அந்தப் பக்கம் வசிக்கும் குழந்தை தெருவைக் கடந்து உள்ளே வரவும் வேண்டும்.

கடன் எப்படி வந்தது

புதுப்பிக்கும் திட்டத்தின் செலவு சுமார் 8.8 கோடி டாலர். 2006இல் பொது அமைப்பு ஒன்றின் வழியாக 6 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வாக்களிக்கப்பட்ட நன்கொடைகளும் புதிய இடத்தில் பெருகும் வருகையும் கடனைத் தீர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. புதிய கட்டடம் 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து உலக நிதிச் சந்தை குலைந்தது அதற்கு முந்தைய மாதம்தான்.

நெருக்கடியை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அந்த அளவில் நிர்வாகத்தின் மேல் குற்றம் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், ஒரு திட்டத்தின் மொத்தச் செலவில் பெரும்பகுதி இன்னும் கைக்கு வராத பணத்தை நம்பியிருந்தது என்பது நெருக்கடிக்கு முன்பே தெரிந்த செய்தி. வாக்களிக்கப்பட்ட நன்கொடை என்பது நல்லெண்ணம், அது வருமானமன்று. கடன் பத்திரத்தின் வட்டியோ நல்லெண்ணத்தைப் பொருட்படுத்தாமல் குறித்த நாளில் வந்து நிற்கும். வருகை பெருகினாலும், பெரிய கட்டடத்தைக் குளிரூட்டவும் சூடேற்றவும் துப்புரவாக வைக்கவும் ஆகும் செலவும் கூடவே பெருகியது என்பதை மறக்கலாகாது.

கொடையாளர்களின் இயல்பும் இதில் பங்கு வகித்திருக்க வேண்டும். புதிய கட்டடத்துக்குக் கொடுப்பவரின் பெயர் சுவரில் நிலைக்கும். அதனால் கட்டடத்துக்குக் கொடை கேட்பது ஒப்பீட்டளவில் எளிது. எட்டாண்டுக்கு முன் எழுந்த கட்டடத்தின் கடனை அடைக்கக் கொடை கேட்பது மிகவும் கடினம், ஏனெனில் அதில் திறந்துவைக்க எதுவும் இல்லை. ஆகவே, கட்டட நிதி திரட்டும்போதே பராமரிப்புக்கான நிரந்தர நிதியையும் சேர்த்துக் கேட்காத நிறுவனம், பின்னர் தனியே கேட்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

2015இன் மனுவுக்குப் பிறகு, கடன் பத்திரம் வைத்திருந்தோர் தமக்கு வர வேண்டியதில் சிறு பகுதியை மட்டும் பெற்றுக்கொள்ள உடன்பட்டனர். புதிய நன்கொடைகள் திரட்டப்பட்டன. 2016இல் நிறுவனம் திவால் நிலையிலிருந்து வெளிவந்தது. கடன் கொடுத்தோர் இந்த உடன்பாட்டுக்கு வந்ததற்கு அவர்களுடைய கருணை காரணமன்று. கட்டடம் நகரத்துக்குச் சொந்தமானது. விற்றுக் காசாக்கத்தக்க ஓவியமோ சிற்பமோ பெரிதாக இல்லை. நிறுவனத்திடம் உண்மையில் இருந்த சொத்து, தொடர்ந்து வந்துகொண்டிருந்த குடும்பங்கள்தான். அச்சொத்தை ஏலத்தில் விட இயலாது. கொடையாளர்கள் மீண்டும் கைகொடுத்ததும் அதை நம்பியே.

பிற நகரங்கள் காட்டும் வழிகள்

உறவைக் கட்டிக்கொண்டு பின்னர் கட்டடத்தை எழுப்பிய முன்மாதிரி புரூக்ளினில் உண்டு. 1960களின் இறுதியில் அங்குள்ள சிறுவர் அருங்காட்சியகம் இயங்கிவந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டபோது, புதிய கட்டடம் வரும்வரை கதவை மூடிக் காத்திருக்காமல், பெட்ஃபோர்டு அவென்யூவில் முன்பு கார் விற்பனைக்கூடமாக இருந்த இடத்தில் 1968இல் ‘மியூஸ்’ என்ற பெயரில் அக்கம்பக்க அருங்காட்சியகமாக அது இயங்கியது. சுற்றிலும் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் கலையும் இசையும் அங்கே இடம்பெற்றன. 1977இல் புரோவர் பூங்காவில் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, அதற்குள் வர வேண்டிய மக்களோடு கிட்டத்தட்டப் பத்தாண்டுப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. இடமில்லாத காலத்தை உறவுக்கான காலமாக்கிக்கொண்டது மிகுந்த மதிநுட்பம். நகர அரசே கட்டடத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டு இயக்கச் செலவிலும் பங்கேற்கும் நியூயார்க்கின் ஏற்பாடு அதற்குத் துணையாக அமைந்தது.

ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் சிறுவர் அருங்காட்சியகம் வேறொரு வழியைக் காட்டுகிறது. நீதிமன்ற ஆணையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் குழந்தைகள், தம் பெற்றோரைச் சந்திக்கும் இடமாக அது 1990களின் தொடக்கம் முதல் பல ஆண்டுகள் பயன்பட்டது. மாநிலக் குழந்தைகள் நலத் துறையோடு இணைந்து, பயிற்சி பெற்ற வல்லுநர்கள் உடனிருக்க இச்சந்திப்புகள் நடந்தன. அலுவலக அறையில் நாற்காலிக்கு நாற்காலி முகம் பார்த்து அமர்வதைவிட, ஒரு தாயும் மகனும் நீர்த்தொட்டியருகே நின்று அணை கட்டுவது இருவருக்கும் எளிது. பேச்சு தானாக வரும். இங்கே அருங்காட்சியகம் அரசிடம் உதவி கேட்டு நிற்கவில்லை. அரசுக்குத் தேவைப்படும் ஒரு பணியை வேறு எவராலும் செய்ய முடியாத முறையில் செய்து தந்தது. ஆதரவு தேடும் சிறிய நிறுவனங்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கட்டணம் பற்றியும் ஒரு குறிப்பு. 2014இல் தொடங்கிய ‘மியூசியம்ஸ் ஃபார் ஆல்’ திட்டத்தில் சேர்ந்த அமெரிக்க அருங்காட்சியகங்களில், அரசின் உணவு உதவி அட்டை வைத்திருக்கும் குடும்பத்தினர் நான்கு பேர்வரை ஆளுக்கு 3 டாலரோ அதற்குக் குறைவாகவோ கொடுத்து உள்ளே செல்லலாம். பிலடெல்பியாவில் அத்தகைய அட்டைக்கு ஆளுக்கு 2 டாலர் என்ற ஏற்பாடு பல பண்பாட்டு நிறுவனங்களில் உண்டு. பிளீஸ் டச் அதில் ஒன்று. இதில் எனக்குப் பிடித்தது, அட்டையைக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது என்பதே. வருமானச் சான்று, விண்ணப்பப் படிவம், நேர்காணல் என்று எதுவும் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்க்கு மற்றவர்முன் தலைகுனிய நேராத சலுகைதான் மீண்டும் வரவழைக்கும் சலுகை.

ஆதரவு கேட்கும் முறை

மேலே கண்டவற்றிலிருந்து, தொட்டுப் பயிலும் சிறுவர் அருங்காட்சியகம் ஒன்று தன் சமூகத்திடம் எதை, எப்படிக் கேட்கலாம் என்பதற்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதன்மையானது, இயக்கச் செலவை வெளிப்படையாகக் கேட்பது. அங்காடி அடுக்கை மீண்டும் அடுக்கும் ஊழியரின் ஓராண்டுச் சம்பளம், நீர்த்தொட்டியின் ஓராண்டுப் பராமரிப்பு, ஒரு பள்ளியின் அனைத்து மழலையரும் வந்துபோகும் பேருந்துச் செலவு என்று கொடை எதற்குப் போகிறது என்பதைக் கண்முன் காட்டினால், சுவரில் பெயர் பொறிக்காமலே கொடுக்க முன்வருவோர் உண்டு. இவை கவர்ச்சியற்ற செலவுகள் என்று மறைத்துவைக்கும் வழக்கம் நிறுவனங்களுக்கே தீங்கானது.

நிறுவனப் புரவலர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வணிக நிறுவனத்தின் பணம் இன்றிப் பெரும்பாலான சிறுவர் அருங்காட்சியகங்கள் இயங்க முடியாது. ஆனால் விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரித்தறியாத வயதினர் நடமாடும் இடம் அது. புரவலரின் பெயர் பெற்றோர் கண்ணுயரத்தில், நுழைவாயில் பலகையில் இருக்கலாம். குழந்தை கையாளும் பொருளின்மேல் வணிகச் சின்னம் வேண்டாம் என்ற எல்லையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நலம். இதற்கு ஒப்பாத புரவலரை இழப்பது பெரிய இழப்பன்று.

பணமாக இல்லாத ஆதரவைக் கணக்கில் கொண்டுவருவதும் வேண்டும். ஓய்வுபெற்ற தச்சர் வாரம் ஒருமுறை வந்து தள்ளுவண்டிகளைச் செப்பனிடுவது, அக்கம்பக்கத் தாய்மார் குழு ஒன்று புதிய காட்சியின் மாதிரியைத் தம் குழந்தைகளோடு சோதித்துப் பார்த்துக் குறை சொல்வது ஆகியவை ஆண்டறிக்கையில் நன்கொடைப் பட்டியலுக்கு இணையான இடம் பெற வேண்டியவை. குறை சொல்ல அழைக்கப்பட்டவர்தான் அந்த இடத்தைத் தம்முடையதாக எண்ணுவார். நிர்வாகக் குழுவில் பெரும் கொடையாளர்களோடு, நடந்து வரும் தொலைவில் வசிக்கும் பெற்றோர் இருவராவது முழு வாக்குரிமையோடு அமர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெமோரியல் ஹால் போன்ற பொதுக் கட்டடங்களில் குடிபுகும் நிறுவனங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, திவாலிலிருந்து மீண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த பிளீஸ் டச் கதவை மூட நேர்ந்தது. தொடுவதையே அடிப்படையாகக் கொண்ட ஓர் இடத்துக்கு அதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது. பழைய 6 கோடி டாலர் சுமை அப்போதும் தோளில் இருந்திருந்தால் அந்தக் கதவு மீண்டும் திறந்திருக்குமா என்பது ஐயமே. இன்று அது இயங்கிவருகிறது. கட்டடத்தின் வயது 150ஐ எட்டியிருக்கும் நிலையில், குவிமாடத்துக்கும் கூரைக்கும் ஆகும் செலவு இனியும் வந்துகொண்டே இருக்கும். அதில் நகர அரசின் பங்கு எவ்வளவு, அருங்காட்சியகத்தின் பங்கு எவ்வளவு என்பதை நீண்டகால ஒப்பந்தமாக எழுதி வெளியிட வேண்டும். அதனோடு, ஆண்டுதோறும் வரும் குழந்தைகளில் பார்க்சைடு வீடுகளிலிருந்து வருவோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் வருகைப் பதிவின் முதல் வரியாக வெளியிட்டால், அடுத்த முறை ஆதரவு கேட்கும்போது கொடையாளர் முன் வைப்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் தேவைப்படாது.